ஒருதரம் அக்கா

திரையில் படம் தெளிந்த மறுநொடி அவர் விரல் பொத்தானைத் தட்டிவிடும். திரை இருண்டுபோகும். பின்னால் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருப்பவர், "ஐயோ அக்கா, இன்னும் பாக்கவே இல்லையே" என்று பதறுவார். "படம் எடுத்தாச்சுல்ல? வீட்டுக்குக் கொண்டுபோய் ஆசை தீரப் பாருங்க. பொருளைப் பாக்கறது ஒருதரம்தான்" என்பார் இவர். இந்தப் பதிலை வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆராய்ச்சியாளர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது: ஒருதரம் அக்கா.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குவது அவர் வேலை. கூரையை முட்டுகிற உயரத்தில் ஒரு இயந்திரம். அதன் உச்சியிலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாயும்; பருப்பளவுச் செப்புச் சல்லடையில் வைத்த பொருளை ஊடுருவி, அடியில் படமாக விழும். தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் துகள்கூட அதில் முழுசாகத் தெரியும். ஒரே சங்கடம், பார்ப்பதற்காக விடுகிற கற்றையே பார்க்கிற பொருளை ஒருவழி பண்ணிவிடும். சிலது உருகும். சிலது ஓட்டையாகும். சிலவற்றின் மேல் கரி படிந்து வட்டமாகக் கறுக்கும். தள்ளித் தள்ளி நின்ற துகள்கள், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெருங்கி ஒட்டிக்கொள்ளும். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சொன்னவங்க இந்த மிஷினைப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கணும்" என்பார் அக்கா.

அதனால் அவர் போக்கே தனி. மங்கலான கற்றையில் இடத்தைத் தேடுவார். கிடைத்ததும் அதை விட்டு விலகி, பக்கத்து இடத்தில் கற்றையை இறக்கி, கூர்மையெல்லாம் அங்கேயே சரிசெய்வார். அங்கே எது உருகினாலும் கவலையில்லை. எதிர்வீட்டுக்கு வந்தவர் மாதிரி போக்குக் காட்டிவிட்டு, கடைசியில் உரிய இடத்துக்குத் தாவி ஒரே ஒரு படம். அதோடு கற்றைக்குக் கதவடைப்பு.

வீட்டிலும் இதே கதைதான். மகள் கேக் செய்கிறேன் என்று அடுப்பின் கதவைத் திறந்து திறந்து பார்த்தால், கூடத்திலிருந்தே குரல் வரும்: "அதை நிம்மதியா வேக விடு." கணவர் பேருந்து ஓட்டுநர், நாள் முழுக்கச் சாலையையே பார்த்துவிட்டு வருபவர். "உன் கண்ணு படாம நான் தப்பிச்சது பெரிய விஷயம்" என்று அவர் சீண்டுவதும், "உங்களையும் ஒருதரம் பாத்துட்டுத்தானே சரின்னேன், நல்லாப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று இவர் வாரிவிடுவதும் அன்றாடம். நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தபோது, வாசலில் நின்றபடி தொட்டிலை எட்டிப் பார்த்து, அழகா இருக்கு என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டார். "குழந்தையைப் பாக்க வந்தீங்களா அண்ணி, கரண்ட் மீட்டர் பாக்க வந்தீங்களா?" என்று நாத்தனார் கேட்டதை இன்றும் அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

போன வாரம் நகைக்கடை வந்தார். தங்கத் துகள்களோடு காலம் தள்ளும் ஆராய்ச்சியாளர் அவர். அதனால் அந்தப் பட்டம். முகத்தில் பொட்டுத் தங்கத்தின் பளபளப்புக்கூட இல்லை. அவர் துகள்கள் கரைசலில் தாமாகவே இரண்டிரண்டாகச் சேர்ந்து, நடுவே கழுத்துபோல ஓர் இணைப்பு வைத்து ஒட்டிக்கொள்கின்றன என்று கட்டுரை எழுதி அனுப்பியிருந்தார். வேறோர் ஆய்வகத்து நுண்ணோக்கியில், நிதானமாக நெடுநேரம் பார்த்து எடுத்த படங்கள். கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் ஒரே கேள்வியோடு திருப்பியிருந்தார்கள்: ஒட்டியது துகளா, ஒட்டவைத்தது கற்றையா?

அந்தக் கரைசல் பாட்டில் எப்போதோ உடைந்துவிட்டது. மறுபடி செய்ததெல்லாம் சொதப்பல். மிச்சம் இருந்தது கற்றையே படாத ஒரு சல்லடை. அதிலும் துகள்களைத் தாங்கும் மென்படலம் பெரும்பாலும் கிழிந்து, ஒரே மூலையில் மட்டும் கொஞ்சம் துகள்கள். நகைக்கடையின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அந்த மூலையில் உட்கார்ந்திருந்தது.

அக்கா வழக்கத்தைவிட மெதுவாகத் தேடினார். ஓரத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் கற்றையை இறக்கிக் கூர்மை பார்த்தார். திருப்தி வரவில்லை, மறுபடி பார்த்தார். நகைக்கடை காலை ஆட்டிக்கொண்டிருந்தார். தரை அதிர்ந்தா படமும் அதிரும் என்றதும் அது நின்றது. அறையில் பம்பின் முனகல் மட்டும். தாவினார், எடுத்தார், தட்டினார். இருட்டு.

எடுத்த படத்தைப் பக்கத்துக் கணினியில் விரித்தார்கள். துகள்கள் ஜோடி ஜோடியாகத்தான் நின்றன. ஆனால் எந்த ஜோடியிலும் கழுத்து இல்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடாக இடைவெளி. பெரிதாக்கினாலும் இடைவெளிதான்.

நகைக்கடை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா அவசரப்படுத்தவில்லை.

"ஜோடி சேந்தது அதுங்களா சேந்திருக்கு சார். ஒட்டவச்சது கற்றை. உங்க கட்டுரையில பாதி அப்படியே நிக்குது."

நகைக்கடை அந்தக் கோட்டையே பார்த்தார். கழுத்தைப் பற்றி எழுதிய பக்கங்களையெல்லாம் மனதுக்குள் அடித்துக்கொண்டிருந்தார் போலும். பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது.

"ஆக, பக்கத்துல உக்கார வச்சது நானு. கட்டிப்பிடிக்க வச்சது நீங்க."

"நான் இல்ல. அந்த ஆய்வகத்து மிஷின்காரங்க."

சிரித்து ஓய்ந்ததும் நகைக்கடைக்கு ஆசை எட்டிப் பார்த்தது. இடைவெளி மூடுவதைக் கண்ணெதிரே ஒருமுறை பார்த்துவிட்டால் என்ன என்றார். படம்தான் கையில் இருக்கிறதே, ஒரே ஒரு நிமிஷம் என்றார். நாளைக்கு யாராவது நம்பவில்லை என்றால் காட்டுவதற்கு இந்த மூலை ஒன்றுதான் உலகத்தில் பாக்கி என்று அக்கா சொன்னார்.

"உங்களுக்கு ஆசையே இல்லையா அக்கா? எத்தனை வருஷமா இங்க உக்காந்திருக்கீங்க."

"இல்ல."

நகைக்கடை திரும்பிப் பார்த்தார். அக்கா இருண்ட திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொத்தான் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.