நியாயம் என்று எழுதிய கடை

மைசூருக்கு வந்த புதிதில் எங்கள் தெருவின் வாசனைதான் எனக்கு விசித்திரம். கோயிலே இல்லாத தெருவில் நாளெல்லாம் கோயில் வாசனை. வாசல்தோறும் பெண்கள் மடியில் பலகையைச் சாய்த்து, கரிய மாவைக் குச்சியில் உருட்டி ஊதுபத்தி செய்துகொண்டிருப்பார்கள். சேலத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஊதுபத்தி ஏற்றியிருக்கிறோம். அது யார் கையால் வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தொண்ணூற்றைந்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு புதுக் கடை வந்தது. எனக்குக் கன்னட எழுத்து அப்போது தட்டுத்தடுமாறித்தான் வரும். பலகையில் ‘நியாய’ வரைக்கும் எழுத்துக் கூட்டிவிட்டேன். நியாயம் என்றாலே நமக்கு நியாய விலைக் கடைதானே! ரேஷன் கார்டு, மண்ணெண்ணெய் டின், சர்க்கரைக்குப் பை சகிதம் போய் நின்றேன். உள்ளே மூங்கில் கூடையும் மண் குவளையும் அழகழகாக அடுக்கியிருந்தார்கள். “இது ரேஷன் அங்கடி அல்லம்மா,” என்று சிரித்தார் கடைக்காரர். “மாடோரிகெ நியாயவாத கூலி கொட்தீவி.” செய்பவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்கிறார்களாம், விலை கூடுதலாக இருப்பது அதனால்தானாம். மானமே போய்விட்டது. டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓர் ஊதுபத்திப் பொட்டலம் வாங்கி வந்தேன். பிறகு அந்த எண்ணம் பிடித்துப்போய், காப்பித்தூளைக் குறைத்தாவது மாதாமாதம் அதையே வாங்கினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு மாதம் பொட்டலத்தில் புதிதாக ஒரு பெண்ணின் படம். உற்றுப் பார்த்தால், எதிர்வீட்டு மல்லிகா! ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்ப் பெண். கணவனுக்கு முதுகு போய் அவன் படுத்ததிலிருந்து, இவள் உருட்டினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். நாம் கொடுத்தது இவளுக்கா போய்ச் சேர்ந்தது என்று சந்தோஷத்தில் ஓடிப்போய்க் காட்டினேன்.

“ஐயோ, என்ர மூஞ்சிங்க்கா இது!” என்று வெட்கப்பட்டாள்.

“கூலியும் கூட்டித் தர்றாங்கதானே?”

“அதெங்கீங்க்கா? மாவும் குச்சியும் போடற ஏஜென்ட் எப்பவும் குடுக்கற அதே கூலிதான். போட்டோ புடிச்ச அன்னிக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாங்க.”

நேரே கடைக்குப் போய்ப் பொட்டலத்தை நீட்டி, தெரிந்த கன்னடத்தில், இவளுக்கு எங்கே நியாயம் என்று கேட்டேன். பொட்டலத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து அவர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். விடாமல் விளக்கினேன். விசாரிப்பதாகச் சொல்லிப் பெயரும் தெருவும் கேட்டார். சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வாரம் ஏஜென்ட் மல்லிகா வீட்டுக்கு மாவும் குச்சியும் கொண்டுவரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. “யாரோ கடையில போய்ப் பத்த வெச்சுட்டாங்களாமுங்க்கா. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?” என்று கேட்டாள். “தெரியாதும்மா,” என்றேன். என் வாய்க்கு அப்போதுதானா பூட்டு விழ வேண்டும்! மல்லிகா கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போனாள். கடையில் மட்டும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். வேலையை நிறுத்தியவர்கள் படத்தை நிறுத்தவில்லை. இனி அந்த ஊதுபத்தியை வாங்கினால் பொய்க்குத் துணைபோகிறேன்; வாங்காவிட்டால் தெருவில் மிச்சமிருக்கும் பெண்களுக்கும் வேலை போகும். எது சரி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தீபாவளிக்குச் சேலம் போனபோது, அன்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமலே கொண்டுபோனேன். மைசூர் ஊதுபத்தி கேட்டு அக்கா நச்சரித்திருந்தாள். மைசூரில் மல்லிகாவும் நானும் தமிழ்க்காரர்கள்; சேலத்திலோ அக்கா படத்தைப் பார்த்து, “யாருடி இது, மைசூர்க்காரியா? என்னமாச் சிரிக்கிறா! உனக்குத் தெரிஞ்சவளா?” என்றாள். ஒரு குச்சியை ஏற்றினாள். நான் பிறந்த வீட்டுக்குள் என் மைசூர்த் தெரு வாசனை வந்தது.

“தெரியாதுக்கா,” என்றேன், இரண்டாவது முறையாக.