சவரிமுத்து நிறுத்திய பொக்லைன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பட்டினப்பாக்கத்தில் ஒரு மீன்கடை முன்னால் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. சவரிமுத்துவின் மகள். "அப்பா போயிட்டாரு அங்கிள்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீன்காரம்மா, "யாரு சார்?" என்று கேட்டார். சாந்தோம் சவரி என்றேன். "ஐயோ, மடவை மீனு ஆத்துல எம்மாந்தூரம் ஏறும்னு கேட்டுக்கினே இருப்பாரே, அவரா?" என்றார். அவரேதான்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அடையாறில் ஒரு மாடியறையில் இருந்த எங்கள் சிறிய அறக்கட்டளை, ஓடைகளின் குறுக்கே தனியார் கட்டிவிட்டு மறந்துபோன சிறு தடுப்பணைகளை இடிக்கச் சம்மதிக்கும் உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்தது. தண்ணீர் பழையபடி ஓடி ஆற்றில் சேர வேண்டும், அவ்வளவுதான். "கட்றதுக்குத்தான் சார் காசு, இடிக்கிறதுக்குமா?" என்று சிரிக்காதவர்கள் குறைவு. சவரி நிலம் அளப்பவர். நான் ஒப்பந்தம் எழுதுபவன். பொறுமை எனக்கு மருந்துக்கும் கிடையாது.

அளக்கத் தொடங்கும் முன் சவரி ஒரு கைப்பிடி பொரியை ஓடையில் தூவுவார். அது மிதந்து போகும் வழியே கரையோடு நடப்பார். எங்கே தயங்குகிறது, எங்கே சுழல்கிறது, எந்தத் துணி துவைக்கும் கல்லில் ஒதுங்குகிறது என்று பார்ப்பார். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுப்பார். வெயிலில் எனக்கு மண்டை காயும். "யோவ், மேப்புல இல்லாததையா பொரி சொல்லப்போவுது?" என்பேன். "மேப்பு ஆபீஸ்ல கீது, தண்ணி இங்க கீது" என்பார்.

தாம்பரத்துக்கு அப்பால் இருந்த ஒரு தடுப்புச் சுவரை முடிவு செய்யும் நேரத்தில் அவருக்குக் கண் அறுவை. பொரிப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, "நடந்து பாத்துட்டு வா" என்றார். போனேன், தூவினேன். பொரி சுவரில் போய் முட்டி நின்றது. அங்கே ஒரு பெண் சுவரால் தேங்கி நின்ற தண்ணீரைக் குடத்தில் மொண்டு கீரைப் பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவரிடம் எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன். சவரியிடம், "யாரும் இல்ல, வெறும் செவருதான்" என்றேன்.

இடத்தின் உரிமையாளர் மயிலாப்பூர்க்காரர், ராகவன். "அங்க ஒரு செவரு இருக்கறதே நேக்குத் தெரியாது. அப்பா மாந்தோப்புக்காகக் கட்டினார்னு சொல்லிண்டிருப்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பணமும் கைமாறியது.

இடிக்கும் நாளில் சவரியும் வந்திருந்தார். பொக்லைன் ஓடைக்குள் இறங்கியதும் அந்தக் கீரைக்காரப் பெண், சரசு, ஓடிவந்தார். "அடையாத்தங்கரையில இருந்தோம். ஆத்த சுத்தம் பண்றோம்னு எங்கள கொண்டாந்து இங்க போட்டாங்க. இப்ப இங்கயும் ஆத்த காட்டியே வயித்துல அடிக்கிறீங்களா?" என்றார்.

சவரி நேரே போய்ப் பொக்லைனுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "வாடகை ஏறிக்கினே கீது சார்" என்று கத்தினார் ஓட்டுநர். "ஏறட்டும் நைனா, வண்டிய திருப்பு" என்றார் சவரி.

மறுநாளே மயிலாப்பூருக்குப் போய் ராகவனிடம் நடந்ததைச் சொன்னார். மனிதர் நல்லவர். வாங்கிய பணத்தை எடுத்துக் கொடுத்து, "மொதல்ல அந்தம்மாவுக்குக் கெணறு வெட்டிக் குடுங்கோ, அப்பறமா இடிங்கோ" என்றார். கரையோரம் உறைக்கிணறு இறங்கி, அதில் தண்ணீர் ஊறி, சரசு தலையாட்டிய பிறகே சுவர் போனது. அடுத்த மழையில் சுவர் இருந்த இடத்தைத் தாண்டிக் கெண்டைக் குஞ்சுகள் ஏறின. சவரி குத்துக்காலிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "செவரு போயிடுச்சுன்னு இதுங்களுக்கு யாருய்யா சொன்னது?" என்று கேட்டார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. பொக்லைன் திரும்பிப்போன அந்த வாரமே அறக்கட்டளைக் கூட்டம் நடந்தது. அந்தச் சுவரருகே ஒரு பெண் பிழைப்பு நடத்துவதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார்கள். நான் கையிலிருந்த ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "நான்தான் பாத்திருக்கணும். தப்பு என்னுது" என்றார் சவரி. அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினார்கள்.

படியில் இறங்கும்போது, "அந்தம்மா அன்னைக்கும் அங்கதான் இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, அடுத்தவாட்டி கேளு. வா, டீ குடிக்கலாம்" என்றார். பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

சவரியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தத் தப்பு ஒன்றைத்தான். இத்தனை வருஷம் அது அவர் பெயரில் இருந்தது. பார்த்தும் கேட்காமல் வந்தவன் நான்.