எழுமலையில் சொல்லிக்கொண்டு கிளம்பியது

திங்கட்கிழமை காலை, மதுரை தல்லாகுளம். ஏழு மணிக்கே வெயில் முகத்தில் அறைந்தது. கிள்ளானில் உள்ள எங்கள் சபையிலிருந்து ஊழியப் பயணமாக வந்த நால்வரும் விடுதி வாசலில் பெட்டிகளோடு நின்றோம். மற்ற மூவரும் சீனர்கள். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மலேசியாவில் பிறந்து வளர்ந்தாலும் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் சொல்லிக்கொடுப்பதும் தமிழ். புறப்படுமுன் சபையில் கலாசார அதிர்ச்சியைப் பற்றி ஒரு வகுப்பு நடத்தினார்கள். அது அந்த மூவருக்கானது என்று நினைத்து நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஊழியம் செய்யவிருந்த எழுமலைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வேன் ஓட்டிய செல்வராஜ் அண்ணன் அந்த ஊர்ச் சபையைச் சேர்ந்தவர். செக்கானூரணி தாண்டியதும் இருபுறமும் காய்ந்த காடும் தென்னந்தோப்புகளும் மாறி மாறி வந்தன. உசிலம்பட்டியில் பதினைந்து ரூபாய்க்குத் தேநீர் குடித்தோம். சர்க்கரை போதவில்லையோ என்று கடைக்காரர் கேட்டார். பாகாக இருந்ததைச் சிரித்துக்கொண்டே குடித்து முடித்தேன்.

எங்கள் வேலை, விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தருவது. சபைக் கட்டடத்துக்கு அடுத்த வீடு பாண்டியம்மாள் அக்காவுடையது. அவர்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. சோளமும் பருத்தியும் போடும் குடும்பம். ஆனாலும் நாங்கள் இறங்கிய உடனே ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றவர் அவர்தான். “இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக, மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க” என்றார். அவருடைய மகன் வண்டியிலிருந்து விழுந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். புதன்கிழமை தலையில் அறுவை சிகிச்சை. அதை அவர் சொன்னபோது குடம் இடுப்பில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடியும்போது அந்த வீட்டில் அழுகுரல் கேட்டது. படுத்த படுக்கையாக இருந்த அவருடைய மாமனார் போய்விட்டார். துக்கம் கேட்க எங்கள் குழுவின் சார்பில் நான் போனேன். பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். பாண்டியம்மாள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நானும் அழுதேன். அதுவரை ஒரு தப்பும் இல்லை.

எழுந்தபோதுதான் கெடுத்தேன். எங்கள் சபையாரின் துக்க வீடுகளில் ஒவ்வொருவரிடமும் கை கொடுத்து, ஆறுதல் சொல்லி, விடைபெற்றுத்தான் கிளம்புவோம். பேசாமல் எழுந்து போனால் திமிர் பிடித்தவள் என்பார்கள். எனவே அவர் முன் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “போயிட்டு வரேன்க்கா. கண்டிப்பா மறுபடியும் வருவேன்” என்றேன்.

அழுகை நின்றுவிட்டது. பாண்டியம்மாள் அக்கா தன் கையை உருவிக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னது தெளிவாகக் கேட்டது: “ஆசுபத்திரில ஒரு உசுரு கெடக்கு. இவ மறுபடியும் வாரேங்குறா பாரு.”

செல்வராஜ் அண்ணனிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எழவு வீட்டுல சொல்லிக்கிட்டுக் கெளம்பக் கூடாது சிஸ்டர். எந்திரிச்சு, யார் மூஞ்சியையும் பாக்காம நடந்துரணும்.”

“ஏன்ணே?”

“அந்த வீட்டுக்கு மறுபடி வாரேன்னா எதுக்கு வருவீக? அடுத்த எழவுக்குத்தான?”

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் அன்று சோறு இறங்கவில்லை. எங்கள் குழுத் தலைவர் லிம், “இது மூடநம்பிக்கை, ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்” என்றார். ஜெபித்தேன். அந்தப் பையன் பிழைக்க வேண்டும் என்று கேட்டதைவிட, நான் சொன்னது பலிக்கக் கூடாது என்று கேட்டதுதான் அதிகம். இதை லிம்மிடம் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை அந்தத் தெருப் பிள்ளைகள் ஒருவரும் வகுப்புக்கு வரவில்லை. செல்வராஜ் அண்ணனின் கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் பாட்டை மறந்து நின்றேன். மூன்றாம் முறையும் மறந்ததும், வந்திருந்த மற்றத் தெருப் பிள்ளைகளே பாடி முடித்துக்கொண்டார்கள். மாலையில், ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னும் கண் விழிக்கவில்லை என்று செய்தி வந்தது. வியாழக்கிழமை மத்தியானம்தான் அண்ணன் சிரித்த முகத்தோடு வந்தார். “முழிச்சுட்டான் சிஸ்டர். காப்பி கேட்டானாம்!”

ஆனாலும் அந்த வீட்டுப் பக்கம் போகத் துணிச்சல் வரவில்லை. வெள்ளிக்கிழமை மகனைப் பார்த்துவிட்டு வந்த பாண்டியம்மாள் அக்காவைத் தூரத்தில் கண்டதும் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். சனிக்கிழமை கிளம்ப வேண்டும். பாடம் கற்றுக்கொண்டவள் அல்லவா? யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் முதல் ஆளாக வேனில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டேன். வேறு தெரு வழியாகப் போகலாமா என்று கேட்டேன். “வேற தெருவுல வேன் நொழையாதே சிஸ்டர்” என்றார் அண்ணன்.

அடுத்த வீட்டை நெருங்கியதும் வேன் நின்றது. யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள்.

“ஏ டீச்சரம்மா, எறங்கு!”

பாண்டியம்மாள் அக்கா. இறங்கினேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

“சொல்லாமக் கொள்ளாமப் போறியே, எங்க வீட்டுல இப்ப என்ன எழவா விழுந்து கெடக்கு? எம்மகன் பொழச்சுக் கெடக்கான். இப்பப் போயி எழவு வீட்டுல இருந்து போற மாதிரி போற!”

“அன்னைக்கு நான் சொன்னது...”

“அன்னைக்குச் சொல்லக் கூடாது, சொன்ன. இன்னைக்குச் சொல்லணும், சொல்ல மாட்டேங்குற. ஒன்னய வச்சுக்கிட்டு என்ன செய்ய?” சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்தார். “சொல்லிட்டுப் போ தாயி.”

“போயிட்டு வாரேன்க்கா” என்றேன்.

“ம். வா. அவன் நடக்குறதப் பாக்க வா.”

வேன் உசிலம்பட்டி தாண்டியது. கிள்ளானில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு அப்படியே மறந்துபோகிறேன். இதை மறக்க முடியாது. அந்த வீட்டில் நான் சொல்வதை நம்புவார்கள்.