சம்பந்தியாகிவிட்ட பொயிலர்க்காரர்

வெளிநாடு வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாங்கிய வீட்டில், அறைகளைச் சூடாக்கும் பொயிலர் முன்னறைக் கணப்புக்குப் பின்னால் இருந்தது. மூட்டினால் இருமும், பிறகு அணைந்துவிடும். குளிர் தொடங்கமுன் புதியது போட்டுவிடுவோம் என்று என் கணவர் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் அந்த மனிதர். எங்கள் ஆள், பக்கத்து ஊர், வேலை தெரிந்தவர் என்றார்கள். வேலை தெரியும்தான். அதில் நான் பொய் சொல்லமாட்டேன்.

முதல் நாளே எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது என்று ஆகிவிட்டது. சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேற்றரிலிருந்து தண்ணீரை இறக்கினால் மை போலக் கறுத்த சேறு வரும். அதைப் பிடிக்க அவர் கைக்கு எட்டியதை எடுத்தார். நான் அரிசி கழுவுகிற பேசின். "கழுவினால் போயிடும் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே, குசினித் துவாயில் கையைத் துடைத்து, அதே துவாயால் முகத்தையும் துடைத்தார். பேசினையும் துவாயையும் அன்றே குப்பையில் போட்டேன். அந்தச் சேற்றின் அழுகல் மணம் மட்டும் சோற்றுக்குள் இருப்பதுபோலவே பலநாள் இருந்தது.

புதிய பொயிலர் குசினிச் சுவரில் ஏறியது, கீழ் வீடு சூடாகியது. இரண்டு வேலைதான் மிச்சம். பொயிலரின் அடியிலிருந்து வெளியே போகவேண்டிய மெல்லிய குழாய் பாதியில் நின்றது. அதற்கென்று துளைத்த ஓட்டையில் பழந்துணி அடைத்திருந்தார். மற்றது, மேலே பின்னறைக்குப் போகிற செப்புக் குழாய். நடையில் தரைப் பலகைகளைக் கழற்றி, அதை வெட்டி, வாயை மூடி வைத்திருந்தார். சூடு ஏறாத அந்தப் பின்னறையில்தான் என் தங்கை படுத்தாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் அவள் வேலை முடிந்து வந்து, திறந்து கிடந்த தரையைத் தாண்டி மேலே போனாள். அவர் பார்த்துக்கொண்டே குறட்டைக் கீழே வைத்தார். "பிள்ளையின்ரை சாதகம் இருக்கோ?" என்று கேட்டார். தன் தமையனின் மகன் பக்கத்தில் சட்டன் என்கிற இடத்தில் இருக்கிறானாம், கணக்காளராம், குடிப்பதில்லையாம். வைத்த குறட்டை அவர் பிறகு எடுக்கவில்லை.

எப்படி எடுப்பார்? காலையில் வேலைக்கு வந்தவர் பின்னேரம் சம்பந்தி வீட்டு மனிதர். அவரை நிலத்தில் குப்புறப் படுத்துக் குழாய் பூட்டச் சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கு வாய் வரும்? வேறொருவரைக் கூப்பிட்டுச் செய்வித்தால் அவரை அவமதித்ததாகிவிடும். "நல்ல காரியம் ஒண்டு சரிவரப்போகுது, இப்ப குழாயைப் பற்றிக் கதையாதையும்" என்றார் என் கணவர். சாதகம் அவர்களுடைய சாத்திரியாரிடம் ஊருக்குப் போனது. சண்டைக் காலம். கடிதம் போய்த் திரும்பிவர மாதக்கணக்காகும்.

அவர் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தார். குழாயைப் பார்க்க வந்தாராம். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, உண்மையிலேயே பார்ப்பார். பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மேசையில் உட்காருவார். மீன் முள்ளைத் தட்டின் கரையில் வைக்கமாட்டார், மேசையில் துப்புவார். சொதி இன்னும் கொஞ்சம் கேட்பார். அவருக்கு ஓரடி தள்ளி அந்த அரைக் குழாய் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். துருத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படை. ஓட்டையில் அடைத்த துணியை நெருக்கிக்கொண்டு ஓடில்லாத நத்தைகள் உள்ளே வந்து, சுவரில் பளபளவென்று கோடு இழுத்து, அரிசிப் பை வரை இறங்கின. காலையில் ஒன்று வெறுங்காலில் மிதிபட்டது. இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கால் கூசுகிறது.

மேலே தங்கை கோட்டோடு படுத்தாள். முன்னறையில் படுக்கச் சொன்னால், பழைய கணப்பு இருந்த பொந்திலிருந்து கரி கொட்டியது. மின் ஹீற்றர் போட்டால் பியூஸ் போனது. தைமாதம் அவளைப் பிடித்த இருமல் மாசியிலும் விடவில்லை. "நான் அவரைக் கேக்கட்டே அக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். பெண் வாய்காரி என்று பெயர் வரும் என்று நானே அவளை அடக்கினேன்.

ஒரு சனிக்கிழமை அவர் தொலைபேசியில் வந்தார். என் கணவர் "ஓம் அண்ணை, ஓம்" என்று குரல் மெலிந்துகொண்டே போய், படியில் உட்கார்ந்துவிட்டார். சாத்திரியார் பொருத்தமில்லை என்று எழுதிவிட்டாராம். தங்கை, கோட்டுப் போட்டபடியே இறங்கி வந்து, என் கணவரின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"பரவாயில்லை அங்கிள். அப்ப நாளைக்கு வந்து அந்தப் பைப்பை முடிச்சுத் தாங்கோ."

வந்தார். வெள்ளைச் சேட்டு இல்லை. பழைய களிசான், கையில் குறட்டுப் பை. குப்புறப் படுத்து நடையில் குழாயைப் பூட்டி, பலகைகளை அறைந்து, வாளிக் குழாயைச் சுவருக்கு வெளியே விட்டு, ஓட்டையைப் பூசினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். இன்றைக்குச் சமையல் இல்லை என்றேன். அடுப்பில் மீன்குழம்பு கொதித்து வீடெல்லாம் மணந்துகொண்டிருந்தது. குறட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மேலே போனேன். தங்கை கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, ரேடியேற்றரில் முதுகை வைத்து நிலத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மாப்பிள்ளை வீட்டார் ஓம் எண்டு சொல்லியிருந்தால் இந்தப் பைப் எப்ப முடிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள்.

குழம்பு அடிப்பிடிக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டு நான் கீழே இறங்கினேன்.