மங்கலாகத் தெரிய வேண்டிய விருந்தாளிகள்

எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் உம்மு ஷாதி இருக்கிறார். ஷாதியின் அம்மா என்று அர்த்தம். ஷாதி கனடாவுக்குப் போய்விட்டான்; பெயர் மட்டும் அலெக்சாண்ட்ரியாவில் தங்கிவிட்டது. காய்கறிக்காக அவர் கயிற்றில் கூடையை இறக்கும்போது, வெங்காயத்தோடு ஒரு பூனைக்குட்டியையும் ஏற்றி அனுப்புவேன்.

"நிஹால்! உன்ன ஸ்கூல்ல இருந்து துரத்தினது தப்பே இல்லடீ!"

பல நாள் அவர் வாயைத் திறப்பதே அதற்குத்தான். அது எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டதில்லை.

ஒரு நாள் கூடையோடு என்னையும் மேலே கூப்பிட்டார். அவர் கணவர் இறந்த பிறகு, "தனியா இருந்தீன்னா வீட்ட வித்துட்டு உன்னத் தன்தா ஊர்ல பெரியம்மாகிட்ட விட்டுடுவேன்" என்று ஷாதி மிரட்டிக்கொண்டிருந்தானாம். இவரும், சாயங்காலமானால் வீடு நிறைய ஆட்கள் என்று அளந்துவிட்டிருக்கிறார். அவன் போட்டோ கேட்டுவிட்டான்.

"ஆளுங்களுக்கு எங்க அத்தை போவீங்க?"

நாற்காலிகளைக் காட்டினார். தலையணை திணித்த அங்கிகள், முக்காடு போட்ட தர்பூசணிகள். ஓரத்தில் கணவரின் பச்சைக் கோட்டு. அவர் தோளைப் போலவே இடது பக்கம் தொங்கியது. இத்தனை குறும்பு செய்த எனக்கே பொறாமையாக இருந்தது.

"பின்னாடி மங்கலா விழுந்தாப் போதும்டீ. நான் மட்டும் தெளிவா."

என் போனில், பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டு எடுத்துப் பார்த்தோம். அது தர்பூசணியை மனிதமுகம் என்று நம்பித் தெளிவாக்கி, உம்மு ஷாதியின் காதைப் பாதி கரைத்துவிட்டது.

எனவே அத்தாரீன் சந்தையில் பழைய கேமரா விற்கும் ஃபிக்ரியிடம் போனோம். கைப்பைக்குள் அடங்குவதாக வேண்டும் என்றார் உம்மு ஷாதி. பெரியதைத் தூக்க அவர் மணிக்கட்டு ஒத்துக்கொள்ளாது. முதலில் எடுத்த கேமரா வெகு தூரத்தில் இருப்பதையும் கிட்டத்தில் இழுத்துக் காட்டியது. ஃபிக்ரியே அதைத் திரும்ப வைத்தார்.

"உள்ள வெளிச்சத்த வாங்குற சென்சார் பருப்பு சைஸுக்கு இருக்கு. பின்னாடி செவுத்து விரிசல்கூடத் தெளிவா விழும்."

அடுத்ததில் எனக்குக் கத்தரிக்காய் மூக்கு வந்தது. முகத்தைக் கிட்டத்தில் எடுக்க அந்த லென்ஸ் ஆகாதாம். மூன்றாவதில் சென்சார் கட்டைவிரல் நகம் அளவு. லென்ஸும் நன்றாக அகலத் திறந்தது.

"கொஞ்சம் ஜூம் பண்ணிட்டு, லென்ஸ் திறப்ப முழுசா விட்டுடுங்க. சுருக்கினா பின்னாடியும் தெளிஞ்சிடும். நீங்க கேமராகிட்ட நில்லுங்க, விருந்தாளிங்க தூரத்துல உக்காரட்டும்."

"எங்க வீட்டு விருந்தாளிங்களுக்குத் தூரம் ஒரு கஷ்டமே இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு அதையே வாங்கினார்.

நீளமான கூடத்தின் கடைசியில் நாற்காலிகள்; இந்தப் பக்கம், கையில் தேநீர்க் கிளாஸோடு அவர். நான் பொத்தானை அமுக்கினேன். அவர் இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னால் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறங்கள் கரைந்து, யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. படத்தைப் போனுக்கு மாற்றி அனுப்பினோம்.

ஷாதி உடனே கூப்பிட்டான். உம்மு ஷாதி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா… பின்னாடி அப்பா உக்காந்திருக்காரா?"

உம்மு ஷாதி தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். "அவர் கோட்டு இன்னும் நல்லாருக்கா?" என்று அவனே கேட்டான். உடனே போனை வைத்துவிட்டான்.

"இன்னொரு தடவ எடுக்கலாம் அத்தை, கோட்ட எடுத்துட்டு" என்றேன்.

அவர் அங்கிகளை உருவினார், தர்பூசணிகளைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். கோட்டை மட்டும் விட்டுவைத்து, அதற்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அந்தத் திறப்பச் சுருக்குடீ. எல்லாமே தெரியட்டும்."

"வீட்ட வித்துடுவான் அத்தை."

"சுருக்குன்னேன்."

கூடம் முழுக்கத் தெளிவாக விழுந்தது. சுவரின் விரிசல், காலி நாற்காலிகள், தொங்கும் தோள். கடைசியில் சின்னதாக அவர். கத்தரிக்காய் ஜோக் ஒன்று சொல்லிப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. படத்தை ஷாதிக்கு அனுப்பினோம். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது; அவன் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தர்பூசணியை வெட்டி எனக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, அவர் அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.