காருக்கு ஆவி பிடிக்கிறவன்

இந்த ஊரில் கார் குளிக்காது. ஆவி பிடிக்கும். நம்ம ஊரில் சளி பிடித்தவன் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்காருவானே, அதே வைத்தியம்தான். போர்வை மட்டும் கிடையாது. டீசலில் எரியும் மெஷின், அதிலிருந்து ஒரு ஹோஸ், நுனியில் நாசில். அமுக்கினால் வெள்ளையாகச் சீறும். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கதவு இடுக்கு, கிரில், சக்கர மூடி என்று காட்டிக்கொண்டே வர வேண்டும். கிட்டக் கொண்டுபோனால் பெயிண்ட் உரிந்துவிடும். பாலைவனப் புழுதி இளகி வழியும்போதே மறு கையால் துணியை ஓட்ட வேண்டும். விட்டால் திட்டுத் திட்டாகக் காய்ந்துபோகும். ஒரு காருக்கு ஒரு வாளித் தண்ணீர். ஷார்ஜாவில் வந்திறங்கிய புதிதில், மிச்சத் தண்ணீர் எப்போது வரும் என்று மேனேஜரைக் கேட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அன்றிலிருந்து நான் என்ன செய்தாலும் அங்கே சிரிப்புதான். நானும் விடவில்லை. ஆவிக்குள் மறைந்து பேய் மாதிரி வெளியே வருவேன்.

ஊரில் அப்பா காளவாசல் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டினார். அம்பாசடர். மழை பெய்த வருசங்களில் வெள்ளிக்கிழமை காலை கண்மாய்க்குள் டயர் நனைய இறக்கி நிறுத்துவார். எட்டாவதில் பெயிலாகிச் சும்மா திரிந்த நானும் அவரும் வாளி வாளியாக மொண்டு ஊற்றுவோம். பானெட்டில் சந்தனப்பொட்டு வைத்த பிறகு, "காரு குளிச்சிருச்சு. நீ எப்படா குளிப்ப?" என்பார். ஒன்றில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது. சாவு விழுந்த துட்டி வீட்டுக்குச் சவாரி போய்வந்தால் காரும் குளிக்க வேண்டும், அவரும் குளிக்க வேண்டும்; அப்புறம்தான் அடுத்த சவாரி. சொந்தத்தில் சாவு என்று காதில் விழுந்துவிட்டால், உடுத்திய துணியோடு தலைக்கு ஊற்றிவிட வேண்டும். சோறு, வேலை எல்லாம் பிறகு.

என் வேலையைப் பற்றிக் கேசட்டில் பேசி வீட்டுக்கு அனுப்பினேன். பதில் கேசட்டில் அவர் குரல் வந்தது: "அம்புட்டுக் காருக்கும் சளியாடா? தைலத்தையும் கொஞ்சம் போட்டு விடு." பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது.

பக்கத்து டயர் கடையில் மேலூர்க்காரர் சேக் அண்ணன் இருந்தார். எங்களுக்கு வரும் தந்தியெல்லாம் அந்தக் கடை முகவரிக்குத்தான். ஒரு மத்தியானம், வெள்ளைக் கார் ஒன்றின் வலப்பக்கத்தை முடித்திருந்தேன். அவர் வந்தார். வழக்கம்போல அவர் பக்கம் ஆவியைத் திருப்பினேன். அவர் விலகவில்லை.

"மெசினை அமத்து மாப்ள."

அமத்தினேன்.

"ஒங்கப்பா தவறிட்டாருடா. நெஞ்சு வலி. ஒன் தம்பி கொள்ளி வச்சு எல்லாம் முடிஞ்சிருச்சாம்."

பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது. வாங்கிக்கொண்டு ஓடினாலும் சாம்பலைக்கூடப் பார்க்க முடியாது. மகனாக நான் செய்ய மிச்சமிருந்தது தலைக்கு ஊற்றுவது ஒன்றுதான். அறைக்குப் போனால், தண்ணி லாரி வரும்வரை குழாயில் காற்று மட்டும் வரும்.

"தண்ணி வேணும்ண்ணே" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. மெஷினுக்கு வைத்திருந்த வாளியை அவரே தூக்கித் தந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, யூனிபாரத்தோடு தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கைகொட்டிச் சிரித்தார். காரின் சொந்தக்காரர், வயதான அரபி, அவரும் சிரித்தார். "ஹர்?" என்றார். வெக்கையா என்று கேட்கிறார். தலையாட்டினேன். சேக் அண்ணன் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; கையைப் பிடித்து நிறுத்தினேன். அரபி டிக்கியைத் திறந்து குடிதண்ணீர் கேனை எடுத்துவந்து, பிள்ளைக்கு ஊற்றுவதுபோல என் உச்சியில் நிதானமாக ஊற்றினார். ஊரில் என்றால் பங்காளி யாராவது ஊற்றியிருப்பார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன். முகமெல்லாம் தண்ணீர் என்பதால் நான் அழுதது அவருக்குத் தெரியவில்லை.

"நீ ரூமுக்குப் போடா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் சேக் அண்ணன்.

"டயரே ஒழுங்கா மாட்ட மாட்டீக, நீங்க ஆவி பிடிச்சு விடப் போறீகளாக்கும்" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்மாயில் முழுகிவிட்டு நடந்தால், வீட்டு வாசல்வரை வேட்டி சொட்டிக்கொண்டே வரும். இங்கே காரின் ஒரு பக்கம் மின்னியது, மறுபக்கம் புழுதியோடு காத்திருந்தது. நாசிலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தொடங்குவதற்குள் என் சட்டை காய்ந்துவிட்டது.