ஸ்டிக்கர் ஒட்டாத லென்ஸ்

கலைமதியின் அப்பா கோதண்டம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதால், போகிற ஒவ்வொருவரின் போனையும் வாங்கி, முன்னும் பின்னும் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. அங்கேயே அசெம்பிளி லைனில் வேலை பார்த்த மகன் இனியவனின் போனுக்கும் அவரே ஒட்டினார். வாரத்துக்கு ஆறு நாள் ஷிஃப்ட், கிடைத்தால் ஞாயிறும் ஓ.டி. நாளைக்கும் ஒட்டத்தானே போகிறார்கள் என்று இனியவன் அதைப் பிய்ப்பதே இல்லை.

போன ஆடியில் பைக் விபத்தில் அவன் போய்விட்டான். அஞ்சலி பேனருக்குத் தேடியபோது, வேலைக்குச் சேர்ந்த பிறகு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஐ.டி. கார்டுப் படத்தையே ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினார்கள். விறைத்த கழுத்து, உருண்ட கண். அந்தப் பேனர் பென்னலூர் முனையில் பதினாறு நாள் நின்றது. அவன் அப்படி ஒருநாளும் யாரையும் பார்த்ததில்லை.

அப்பாவுக்கும் இருப்பது ஐ.டி. கார்டுப் படம்தான் என்பது அந்தப் பதினாறு நாளுக்குள் கலைமதிக்கு உறைத்தது. பழைய கேமரா ஒன்று வாங்கினாள்.

"உக்காருப்பா, ஒரு போட்டோ."

"இன்னாத்துக்கு? எனக்கும் பேனர் கட்டவா?"

அதோடு சரி. கேமராவைக் கண்டாலே யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், டியூட்டி இல்லாத நாளிலும்.

அவர் மனம் இறங்கி வருவதற்குள் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இருங்காட்டுக்கோட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். கேமரா விற்ற கடைக்காரர் அவள் ஐ.டி. கார்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இன்னும் இரண்டு லென்ஸ் கொடுத்தார். ஸ்டீல் ஸ்கேலைச் சுவரில் சாய்த்து, அரிசி டிரம் மேல் கேமராவை வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். கேமராவோடு வந்த சாதா லென்ஸில் ஓரத்துக் கோடுகள் வளைந்தன. நீள லென்ஸுக்கு ஃபோகஸ் பிடிக்க வீடு போதவில்லை. ஐம்பது எம்.எம். லென்ஸில் அரை மில்லிமீட்டர் கோடுகூட நறுக்கென்று விழுந்தது. அதையே விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

முதலில் முத்துச்செல்வியை எடுத்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், வேலையில் பக்கத்து டேபிள். அவள் ஹாஸ்டல் அறையில் எடுத்த இருபது படத்திலும் முகம் கலங்கியிருந்தது.

"என்னட்டி, என்னைப் பேய் மாதிரி எடுத்து வச்சிருக்க?"

"லென்ஸ் நல்லாத்தான் கீது. ஸ்கேல் வச்சு செக் பண்ணேன்."

"ஏட்டி, ஸ்கேலு மூச்சு விடுமா? நான் விடுதேம்லா!"

கலைமதி அப்போதுதான் ஷட்டர் வேகத்தைப் பார்த்தாள். வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. படத்தில் புள்ளி விழக் கூடாது என்று ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வை நூறிலேயே பூட்டி வைத்திருந்தாள். எண்ணூறுக்கு ஏற்றியதும் ஷட்டர் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குக்கு வந்தது. முகம் கலங்காமல் நின்றது.

"பருவெல்லாம் தெரியுது. அழி" என்றாள் முத்துச்செல்வி.

அடுத்த ஞாயிறு காலை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா யூனிஃபார்மோடு வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ப்பா, புது லென்ஸு. ஸ்கேலுக்குப் பதிலா உக்காரேன். போட்டோ இல்ல, டெஸ்ட்டு."

"என்னிய ஸ்கேலாக்கிட்டியா? சீக்கிரம் முடி, டீ ஆறுது."

அந்த லென்ஸுக்கு அவர் முழுதாக அடங்க, தெருக் குழாய் வரை பின்னால் போக வேண்டியிருந்தது. ஒன்று எடுத்துத் திரையைப் பெரிதாக்கினாள். முகம் மங்கல். சட்டைப் பாக்கெட்டில் எட்டிப் பார்த்த சிவப்பு ஸ்டிக்கர் சுருள் மட்டும் துல்லியம்.

"போச்சு. ஃபோகஸ் பாக்கெட்டுக்குப் போயிடுச்சு."

"காட்டு." வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

"அவன் போனு பீரோலதான் கீது. நான் ஒட்னது ரெண்டும் அப்டியே கீது."

கலைமதி படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிச்சுப் போட்டு ஒண்ணு எடுத்துக்கோடான்னு ஒரு நாளாவது நான் சொல்லிருக்கலாம்."

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து சுருளை எடுத்து டீ டம்ளருக்குப் பின்னால் வைத்தார்.

"இப்ப எடு."

அவள் குழாயடிக்குப் போய், ஃபோகஸ் புள்ளியை அவர் கண் மேல் நகர்த்தினாள். ஷட்டரையும் ஒருமுறை சரிபார்த்தாள். அழுத்தினாள்.

"கண்ண மூடிட்டேன் போல கீதே" என்றார் அப்பா. "இன்னொண்ணு எடு."